விரிவு வேறு, நோய் வேறு

கண்ணுக்குப் புலனாவதெல்லாம் அறிவுக்கும் புலனாகிவிட்டது என்று கருதும் மயக்கம் மருத்துவத்துறையிற் புதிதன்று. ஆயின், தாயின் வயிற்றினுள்ளே வளரும் சிசுவை ஒலியலைகளின் துணைகொண்டு திரையிற் காட்டும் கருவி வழக்கிற்கு வந்த பின்னர் அம்மயக்கம் பன்மடங்கு பெருகியுள்ளது. இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது கருச்சிசுவின் சிறுநீர்த்தொகுதியை ஆராயும் துறையே. கழியொலிச் சோதனைக்கு, அதாவது பொதுவழக்கில் 'ஸ்கான்' எனப்படுவதற்கு, உட்படும் கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரையானவற்றிற் சிசுவின் சிறுநீரகத்திலே ஏதோவொரு விரிவு காணப்படுகின்றது. அவ்விரிவு 'ஐதரோநெப்ரோசிஸ்' என்னும் பெயரோடு அறிக்கையில் எழுதப்படுகின்றது. எழுதப்பட்ட அக்கணமே, இன்னும் பிறவாத ஒரு சிசு நோயாளியாகின்றது. நலமாயிருந்த ஒரு பெண் நோயாளியின் தாயாகின்றாள். இவ்வாறு ஆக்கப்படுவோருட் பெரும்பாலானோர்க்கு நோய் எதுவும் இல்லை. உண்மையில் நோயுற்ற மிகச் சிலரோ அப்பெருங்கூட்டத்தினுள்ளே மறைந்துபோகும் இடருக்கு ஆளாகின்றனர். இவ்விரண்டு தீங்குகளும் ஒரே பிழையின் பயன்கள். அளக்கப்பட்ட அகலத்தை அறியப்பட்ட நோயாகக் கொள்வதே அப்பிழை.

இப்பிழையின் வேர் கருவியின் பிறப்பிலேயே உண்டு எனலாம். 1958 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட், ஜோன் மக்விகார், பொறியியலாளர் ரொம் பிறவுண் ஆகிய மூவரும் வயிற்றுக் கட்டிகளை ஒலித்துடிப்புக்களால் ஆராயும் முறையை 'லான்செற்' மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட கருவியின் மூலம் மருத்துவமனையன்று, உலோகத் தொழிற்சாலை. வார்ப்பிரும்பினுள்ளும் பற்றுவைப்புக்களினுள்ளும் மறைந்துள்ள வெடிப்புக்களைக் கண்டறியப் பயன்பட்ட குறைகாண் கருவியே மனித உடலின்மீது திருப்பப்பட்டது. உலோகத்தைப் பொறுத்தவரை ஒழுங்கினின்று வேறுபடுவதெல்லாம் குறையே. வெடிப்பு ஒருபோதும் தானாக மூடிக்கொள்வதில்லை. உயிருள்ள சிசுவின் நிலை அத்தகையதன்று. அது நாடோறும் வளர்வது. நேற்றுப் பருத்திருந்தது இன்று சுருங்கலாம். ஒடுங்கியிருந்த வழி மறுமாதம் அகலலாம். கருவி தொழிற்சாலையிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. அதனோடு தொழிற்சாலையின் தீர்ப்பும் உடன்வந்தது என்பதை மருத்துவ உலகம் காலந்தாழ்த்தியே உணர்ந்தது.

1970 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிற் கரெற் என்பவரும் அவருடைய துணைவரும் கருச்சிசுவொன்றின் சிறுநீரகங்களிற் பல நீர்ப்பைகள் அமைந்திருந்தமையைப் பிறப்பிற்கு முன்னரே கண்டு வெளியிட்டனர். கருச்சிசுவின் உறுப்புக்களிடையே சிறுநீர்த்தொகுதி இத்துணை விரைவிற் கருவியின் வசப்பட்டமைக்குக் காரணம் எளிது. நீர் ஒலியைத் திருப்பியனுப்புவதில்லை. ஆதலின் நீர் தேங்கிய இடம் திரையிற் கரிய வட்டமாகத் தோன்றும். சாம்பல் நிறத் தசைகளின் நடுவே கரிய வட்டத்தைக் காண்பது கடினமன்று. ஐரோப்பாவின் 61 நிலையங்களில் நடாத்தப்பெற்று 1999 இல் வெளிவந்த 'யூரோபீற்றஸ்' ஆய்விற் சிறுநீர்த்தொகுதிக் குறைபாடுகளுள் ஏறத்தாழ 88 வீதமானவை பிறப்பிற்கு முன்னரே கண்டறியப்பட்டன. எல்லாக் குறைபாடுகளையும் ஒருங்கே நோக்குமிடத்து அவ்வீதம் 61 ஆகவே இருந்தது. இத்தகைய வெற்றியே செருக்கிற்கும் வித்தாயிற்று. எளிதிற் காணக்கூடியது எளிதில் விளங்கக்கூடியதுமாகும் என்று எண்ணப்பட்டது. கரிய வட்டம் நீர் இருக்குமிடத்தைக் காட்டும். அந்நீர் தடைப்பட்டு நிற்கின்றதா, மெல்ல ஓடிக்கொண்டிருக்கின்றதா என்பதைக் காட்டுவதில்லை.

இவ்விடயத்தில் உண்மையாகவே பணயமாக இருப்பது யாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். கருச்சிசுவின் கழிவுகளை அகற்றும் பணியைச் சூல்வித்தகமும் தாயின் சிறுநீரகங்களுமே ஆற்றுகின்றன. ஆதலின், வயிற்றினுள் இருக்கும் வரை சிசு தன் சிறுநீரகமின்றியும் உயிர்வாழும். எனினும், நான்காம் மாதத்திற்குப் பின்னர்ப் பனிக்குட நீரின் பெரும்பகுதி சிசு கழிக்கும் சிறுநீரேயாகும். அந்நீர் குறையின் நுரையீரல்கள் வளர்ச்சி குன்றும். 1946 இல் சிக்காகோவின் நோயியலாளர் ஈடித் பொற்றர், இரு சிறுநீரகங்களுமின்றிப் பிறந்து இறந்த குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களுடைய முகச்சாயலையும் குன்றிய நுரையீரல்களையும் விவரித்தார். சிறுநீரகம் இல்லாமையால் நேரும் மரணம் மூச்சின்மையாக வந்து முடிகின்றது என்பது இதனாற் புலனாகும். ஆகவே சிசுவின் சிறுநீர்வழியை ஆராய்வது வீண்வேலை என்று எவரும் கூறார். சில சிசுக்களைப் பொறுத்தவரை அது உயிர்ப்பிரச்சினை. அச்சில சிசுக்கள் எவை என்பதைப் பிரித்தறிவதிலேயே இச்சோதனையின் பயன் முழுவதும் தங்கியுள்ளது.

சிறுநீரகத்தில் ஊறும் நீர் முதலில் வந்து கூடுமிடம் புனல்போன்ற ஓர் அறை. அதனைச் சிறுநீரக இடுப்பு என்பர். அங்கிருந்து சிறுநீர்க்கான் வழியாக நீர் சிறுநீர்ப்பையை அடையும். ஸ்கான் செய்வோர் அளப்பது இப்புனலின் முன்பின் விட்டத்தை. 16 ஆம் வாரம் முதல் 27 ஆம் வாரம் வரை நான்கு மில்லிமீற்றரும், 28 ஆம் வாரத்திற்குப் பின்னர் ஏழு மில்லிமீற்றரும் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. அரிசிமணியொன்றின் நீளந்தானும் இல்லாத அளவு இது. இவ்வளவு சிசுவின் சிறுநீர்ப்பை நிறைவதற்கும் ஒழிவதற்கும் ஏற்ப ஒரே நாளிற் பலமுறை மாறக்கூடியது; அளப்பவரின் கையும் கோணமும் மாற அதுவும் மாறும். காலையில் எல்லைக்கு உட்பட்ட சிசு மாலையில் எல்லையைக் கடந்திருக்கலாம். இத்தகைய அளவொன்றினை நோயின் பெயராக்குவது, ஆற்றின் அகலத்தை ஓரிடத்தில் அளந்துவிட்டுக் கடலின் வாயில் அடைபட்டுள்ளது என்று அறிவிப்பதனோடு ஒக்கும்.

அடைப்பு என்றால் என்ன என்னும் வினாவிற்கு விடை காண முயன்றோர் எதிர்கொண்ட இடர்ப்பாடே இதனை மேலும் தெளிவாக்கும். சிறுவர் சிறுநீரியல் அறிஞரான ஸ்ரீபன் கொஃப் 1980களில் முன்வைத்த வரைவிலக்கணத்தின் கருத்து, கவனியாது விடப்படின் சிறுநீரகத்தைப் படிப்படியாகக் கெடுக்கும் தடையே அடைப்பாகும் என்பது. இவ்வரைவிலக்கணம் நேர்மையானது. ஆனால் அதன் உட்பொருள் அச்சந்தருவது. அடைப்பு இருந்ததா இல்லையா என்பதைக் காலம் கடந்த பின்னரே திட்டமாகக் கூறலாம் என்பதையன்றோ அது ஒப்புக்கொள்கின்றது! பிறந்த குழந்தையின் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைக் கதிர்த்தொழிற்பாட்டு மருந்தொன்றைச் செலுத்தி அளக்கலாம். கருச்சிசுவில் அது இயலாது. வயிற்றினுள்ளே ஊசி செலுத்திச் சிசுவின் சிறுநீரை எடுத்து அதன் உப்புக்களை அளக்கும் முறை 1980களிற் பெருநம்பிக்கையோடு வரவேற்கப்பட்டது. பிந்திய ஆய்வுகளோ அவ்வளவுகளுள் எதுவும் பிற்காலச் சிறுநீரகத் தொழிற்பாட்டைப் போதிய திட்டத்தோடு முன்னறிவிப்பதில்லை எனக் காட்டின. எஞ்சியிருப்பது மீண்டும் அகலம் ஒன்றே.

இவ்வகலத்தின் மதிப்பு யாது? 2006 இல் லீயும் அவருடைய துணைவரும் முன்னர் வெளிவந்த 17 ஆய்வுகளைத் தொகுத்து, பிறப்பிற்கு முன் விரிவு காணப்பட்ட 1,308 குழந்தைகளின் நிலையை ஆராய்ந்தனர். சிறிய விரிவு உடையோரில் 11.9 வீதமானோர்க்கும், நடுத்தர விரிவு உடையோரில் 45.1 வீதமானோர்க்கும், பெருவிரிவு உடையோரில் 88.3 வீதமானோர்க்கும் பிறந்த பின்னர் ஏதோவொரு குறைபாடு காணப்பட்டது. இவ்வெண்கள் இரு திசைகளிற் பேசுகின்றன. பெருவிரிவை அலட்சியம் செய்வோர் குற்றவாளிகள் ஆவர். சிறிய விரிவைக் கண்டு நோய் என்று கூறுவோர் நூறு தாய்மாரில் எண்பத்தெட்டுப் பேருக்குப் பொய் கூறியவர் ஆவர். அவ்வாய்வு தந்த மற்றொரு முடிபு இதனினும் முக்கியமானது. சிறுநீர் சிறுநீர்ப்பையிலிருந்து மேல்நோக்கித் திரும்பும் பின்னோட்டம் என்னும் குறைபாட்டின் நிகழ்தகவு, விரிவு சிறிதாயினும் பெரிதாயினும் ஏறத்தாழ ஒரே தன்மையதாகவே இருந்தது. அஃதாவது, பின்னோட்டம் உண்டோ என்னும் வினாவிற்கு அகலம் எவ்விடையையும் தருவதில்லை. எனினும், அகலத்தைக் காரணங்காட்டிப் பின்னோட்டத்தைத் தேடும் சோதனைக்குப் பல்லாண்டுகளாக எண்ணற்ற குழந்தைகள் உட்படுத்தப்பட்டனர்.

அச்சோதனை எத்தகையது என்பதை அதனை எழுதிக்கொடுப்போர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். பிறந்து சில வாரங்களேயான குழந்தையின் சிறுநீர்வழியூடாக மெல்லிய குழாய் செலுத்தப்படும், சாயநீர் ஏற்றப்படும், குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்றேப் படங்கள் எடுக்கப்படும். அதனால் வலியும் உண்டு, கதிர்வீச்சும் உண்டு, தொற்று உட்புகும் வாய்ப்பும் உண்டு. முடிவு வரும்வரை நாடோறும் நுண்ணுயிரெதிரி மருந்து புகட்டப்படும். குறைந்த படியிலான பின்னோட்டம் கண்டுபிடிக்கப்பட்டாலும் அதன் பெரும்பகுதி வளர்ச்சியோடு தானே நீங்கிவிடும். நோயற்ற குழந்தையை நோயற்றது என நிறுவுவதற்காக அக்குழந்தையையே நோயாளிபோல் நடாத்தும் இம்முறை 'முன்னெச்சரிக்கை' என்னும் மதிப்பான பெயரைப் பெற்றுள்ளது.

இத்துடன் நின்றிருப்பினும் தாழ்வில்லை. 1980களில் வயிற்றினுள்ளே காணப்பட்ட விரிவு பிறந்த குழந்தைகளை அறுவைக் கூடத்திற்கும் கொண்டுசென்றது. சிறுநீரக இடுப்பும் சிறுநீர்க்கானும் பொருந்துமிடத்தில் ஒடுக்கம் உண்டென ஐயுற்று, அழுதறியாத, காய்ச்சல் கண்டறியாத குழந்தைகளின் சிறுநீரகங்கள் திறக்கப்பட்டன. அறுவையின் பின்னர் அச்சிறுநீரகங்கள் நன்கு இயங்கின. அறுவையே அதற்குக் காரணம் என எழுதப்பட்டது. அறுவை இன்றியும் அவை நன்கு இயங்கியிருக்குமோ என்னும் வினாவை இலண்டனின் கிரேற் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் மருத்துவமனையில் ரான்ஸ்லியும் அவரைச் சார்ந்தோரும் எழுப்பினர். தொழிற்பாடு நன்றாக இருந்த விரிந்த சிறுநீரகங்களை அவர்கள் கத்தியாற் தொடாது காலத்தால் அளந்தனர். 1990 இல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கை, அத்தகைய சிறுநீரகங்களுட் பெரும்பாலானவற்றிற்கு அறுவை தேவைப்படவில்லை எனக் காட்டியது. சில கெடத் தொடங்கின. அவை கண்காணிப்பினாற் காலத்தே இனங்காணப்பட்டு அறுவைக்கு உட்படுத்தப்பட்டன. கத்தியைத் தாழ்த்திப் பொறுத்திருப்பதும் சிகிச்சையே என்பதை மருத்துவம் இவ்வாறு கற்றுக்கொண்டது. கற்பதற்கு முன்னர்த் திறக்கப்பட்ட உடல்களின் கணக்கை எவரும் எழுதிவைக்கவில்லை.

இவ்வகலத்தின்மீது சுமத்தப்பட்ட பிறிதொரு பாரமும் உண்டு. 1990 இல் அமெரிக்காவின் பெரில் பெனசெராபும் அவருடைய துணைவரும் சிறுநீரக இடுப்பின் சிறுவிரிவிற்கும் டவுண் கூட்டறிகுறிக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என எழுதினர். பெருந்தொகையான கர்ப்பங்களை ஆராயும்போது பயன்படக்கூடிய நுண்ணிய குறிப்பு அது. தனித்து நிற்கும் சிறுவிரிவு அவ்வாய்ப்பை மிகச் சிறிதளவே மாற்றுகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயின், தனியொரு தாயின் செவியில் அச்செய்தி எவ்வாறு விழும்? சிசுவின் சிறுநீரகத்தில் ஐந்து மில்லிமீற்றர் நீர் இருந்தமையால் அதன் மூளைவளர்ச்சியைப் பற்றி அவள் ஐயுறத் தொடங்குகின்றாள். பெருந்தொகையின் கணக்கியலைத் தனிமனிதரின் விதியாக மாற்றும் இச்செயல் அறிவியலின் பெயராற் செய்யப்படும் அறிவியல் விரோதமாகும்.

இவ்விடத்து எதிர்வாதம் புரிவோர் வலிமைமிக்க ஆயுதமொன்றை எடுப்பர். அதனைத் தட்டிக்கழித்தல் முறையன்று. ஏறத்தாழ 5,000 முதல் 8,000 வரையான ஆண்குழந்தைகளுள் ஒருவருக்குச் சிறுநீர்வழியின் பின்பகுதியில் வால்வு போன்ற சவ்வொன்று உருவாகி நீரைத் தடுக்கின்றது. சிறுநீர்ப்பை தடித்துப் பெருக்கும். இரு சிறுநீர்க்கான்களும் விரியும். இரு சிறுநீரகங்களும் அழுத்தத்திற்கு ஆளாகும். கடுமையாயிற் பனிக்குட நீர் வற்றும். இச்சிசுவைக் காணாது விட்டால் அது மூச்சின்றி இறக்கலாம், அன்றேற் சிறுவயதிலேயே சிறுநீரகம் செயலிழந்து குருதிச்சுத்திகரிப்பை நம்பி வாழ நேரலாம். 'இந்த ஒரு குழந்தைக்காக ஆயிரம் தாய்மார் சிறிது கவலைப்பட்டால் என்ன?' என்பதே அவர்களுடைய வாதம்.

இவ்வாதம் உள்ளத்தைத் தொடுவது. ஆனால் இலக்குத் தவறியது. வால்வு உள்ள சிசுவை ஏனைய சிசுக்களினின்று பிரித்துக்காட்டுவது சிறுநீரக இடுப்பின் அகலம் அன்று. சிறுநீர்ப்பை பெருத்து ஒழியாதிருத்தல், அதன் சுவர் தடித்தல், சிறுநீர்வழியின் மேற்பகுதி விரிந்து சாவித்துவாரம் போலத் தோன்றுதல், இரு சிறுநீர்க்கான்களும் புலப்படுதல், சிறுநீரகத் திசு மெலிந்து ஒளிர்தல், பனிக்குட நீர் குன்றுதல் ஆகியனவே அதனைக் காட்டிக்கொடுப்பன. புனலின் விட்டத்தை ஒரு மில்லிமீற்றர் நுணுக்கத்தோடு அளந்துவிட்டுச் சிறுநீர்ப்பையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத அறிக்கை, ஆயிரம் தாய்மாரை அச்சுறுத்திய பின்னரும் அந்த ஒரு குழந்தையைக் கைவிட்டுவிடும். அவ்வாறே, 20 ஆம் வாரத்திற் தென்படாது பின்னரே வெளிப்படும் வால்வுகளும் உண்டு. முதல் ஸ்கானிற் குறையில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவதும் அவர்களைக் கைவிடுவதேயாகும். ஆகவே அச்சத்தைப் பெருக்குவதாற் பாதுகாப்புப் பெருகுவதில்லை. எதனைப் பார்ப்பது என்னும் தெளிவினாலேயே அது பெருகும்.

2014 இற் பல்துறை அறிஞர் ஒன்றுகூடி ஏற்றுக்கொண்ட வகைப்பாடு இத்தெளிவையே வேண்டிநின்றது. 'ஐதரோநெப்ரோசிஸ்' முதலிய பல பெயர்களுக்குப் பதிலாகச் 'சிறுநீர்வழி விரிவு' என்னும் பொதுப்பெயரை அவர்கள் விதந்துரைத்தனர். பெயர் மாற்றத்தின் பின்னாலுள்ள சிந்தனை கூர்மையானது. நோயின் பெயர் நீங்கிக் காட்சியின் பெயர் இடம்பெற்றது. 27 ஆம் வாரம் வரை நான்கு முதல் ஏழு மில்லிமீற்றருக்கு உட்பட்டும், 28 ஆம் வாரத்தின் பின் ஏழு முதல் பத்து மில்லிமீற்றருக்கு உட்பட்டும் விரிவு இருந்து, வேறு மாற்றம் எதுவும் இன்றேல், அது குறைந்த இடருடைய 'ஏ1' வகுப்பிற் சேரும். அதற்கு வேண்டியவை 32 ஆம் வாரத்திலோ அதன் பின்னரோ ஒரு ஸ்கானும் பிறந்த பின் இரண்டு ஸ்கான்களுமே. அகலம் அவ்வெல்லையை எட்டினாலோ, புறக்கிண்ணங்கள், சிறுநீரகத் திசு, சிறுநீர்க்கான், சிறுநீர்ப்பை என்பவற்றுள் ஒன்றேனும் மாறுபட்டாலோ, காரணமின்றிப் பனிக்குட நீர் குறைந்தாலோ, அது 'ஏ2–3' எனப்படும். நெருங்கிய கண்காணிப்பும் சிறப்பு மருத்துவரின் ஆலோசனையும் அதற்கு உரியன. ஆறு உறுப்புக்களையும் ஒருங்கே நோக்கும்படி இவ்வகைப்பாடு பணித்தது. அவ்வாறிருந்தும், அகலத்தை மாத்திரம் எழுதும் பழக்கம் ஒழிந்துவிடவில்லை.

காண்பதற்கும் ஆற்றுவதற்கும் இடையேயுள்ள தூரத்தை வயிற்றினுள்ளே செய்யப்படும் அறுவையின் வரலாறு இன்னும் கடுமையாக உணர்த்துகின்றது. 1981 இற் கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மைக்கல் ஹரிசன் தலைமையிலான குழுவினர் தாயின் கருப்பையைத் திறந்து, சிறுநீர் தடைப்பட்ட சிசுவிற்கு நீர் வெளியேற வழியமைத்தனர். சிகிச்சை நுட்பமுறையில் நிறைவேறிற்று, குழந்தையோ பிழைக்கவில்லை. பின்னர், சிசுவின் சிறுநீர்ப்பையிலிருந்து பனிக்குடத்திற்கு நுண்குழாய் பொருத்தும் எளிய முறை பரவியது. அதன் பயனை எழுமாற்று முறையில் ஒப்பிட்டு அறிய பிரித்தானியா, அயர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் 'புளூட்டோ' என்னும் ஆய்வு தொடங்கப்பட்டது. 150 பெண்களைச் சேர்க்கத் திட்டமிட்ட அவ்வாய்வு 31 பேரோடு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2013 இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. குழாய் பொருத்துவதற்கென ஒதுக்கப்பட்ட 16 சிசுக்களில் எட்டும், ஏனைய 15 இல் நான்கும் பிறந்து 28 நாட்கள் வரை உயிர்தரித்தன. இரண்டு வயதில் இயல்பான சிறுநீரகத் தொழிற்பாட்டோடு வாழ்ந்த குழந்தைகள் மொத்தத்தில் இருவரே. உயிர் ஒருவேளை காக்கப்படலாம். சிறுநீரகம் பெரும்பாலும் காக்கப்படவில்லை. 'முன்னரே கண்டால் முன்னரே குணமாக்கலாம்' என்னும் விளம்பர வாக்கியம் இவ்வெண்களின் முன் வாயடைத்து நிற்கின்றது.

இவற்றைக் கேட்டவுடன், 'அவ்வாறாயின் ஸ்கானே வேண்டாம்' என்று மறுகோடிக்கு ஓடுவோரும் உளர். ஐக்கிய அமெரிக்காவில் இடர் குறைந்த 15,151 கர்ப்பிணிப் பெண்களிடையே நடாத்தப்பட்டு 1993 இல் வெளிவந்த 'றேடியஸ்' ஆய்வு, எல்லோர்க்கும் ஸ்கான் செய்வதாற் பிறப்பின்போதைய விளைவுகள் மேம்படவில்லை எனக் காட்டியதை அவர்கள் துணைக்கழைப்பர். அவ்வாய்விற் குறைபாடுகளைக் கண்டறியும் திறனே தாழ்ந்திருந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. மேலும், வால்வுள்ள குழந்தையொன்று பிறக்கும் இடத்திற் குழந்தை மருத்துவர் ஆயத்தமாக இருந்தால், முதல்நாளிலேயே குழாயிட்டுச் சிறுநீரை வெளியேற்றலாம். சில நாட்களிற் சவ்வை அகற்றலாம். காய்ச்சலும் நஞ்சேற்றமும் வந்த பின்னர் அக்குழந்தையை மருத்துவமனைக்கு ஓடித் தூக்கிவருவதிலும் இது எவ்வளவோ மேலானது. ஒளிவிளக்கு கண்ணைக் கூசச்செய்கின்றது என்பதற்காக அதனை அணைத்துவிட்டு இருளில் இருப்பது அறிவுடைமையன்று.

இலங்கையைப் பொறுத்தவரை இவ்வாதத்திற்குத் தனியானதொரு கூர்மை உண்டு. 1990 இல் வெளிவந்த ஹெல்சிங்கி ஆய்விற் பொதுவான ஸ்கான் முறை பிறப்பையொட்டிய மரண வீதத்தை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்தது. அக்குறைவிற்கு முக்கிய காரணம் பெருங்குறைபாடுடைய கர்ப்பங்கள் முன்னரே கலைக்கப்பட்டமையாகும். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 303 ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருக்கலைப்பு குற்றமாகும். அச்சட்டம் தகுமா தகாதா என்பது வேறு விவாதம். ஆனால் பின்லாந்தின் புள்ளிவிபரத்தை இங்கு கொண்டுவந்து ஸ்கானின் பயனை நிறுவ முனைவோர், அப்பயன் பெரிதும் எதனால் வந்தது என்பதை மறைத்தல் ஆகாது. இந்நாட்டிற் கருச்சிசுவின் சிறுநீரகத்தைப் பார்ப்பதற்கு ஒரேயொரு நியாயமே எஞ்சுகின்றது: பிறக்கப்போகும் குழந்தைக்கு அதனால் விளையும் நன்மை. அந்நன்மைக்கு இட்டுச்செல்லாத அறிக்கை, பணத்தைப் பெற்று அச்சத்தை விற்கும் பண்டமாற்றேயாகும்.

மொழியின் பொறுப்பும் இங்குண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிக்கையைத் தமிழிற் சொல்ல நேரும்போது 'சிறுநீரகம் வீங்கியிருக்கின்றது' என்றோ, 'அடைப்பு இருக்கின்றது' என்றோ கூறிவிடுவது எளிது. வீக்கம் என்பது நோயைக் குறிக்கும் சொல். அடைப்பு என்பது காரணத்தைக் குறிக்கும் சொல். திரையிற் கண்டதோ இரண்டும் அன்று, விரிவு மாத்திரமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் உடற்கூறு, மகப்பேறு முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். மருத்துவத்தைத் தமிழிற் பிழையறச் சொல்ல முடியும் என்பதை அம்மரபு நிறுவிற்று. பல்கலைக்கழகங்களிற் கலைச்சொற்களைப் பற்றி விவாதிப்போர், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் கர்ப்பிணித் தாய்க்குச் சொல்லப்படும் ஒரு சொல்லையும் அவ்விவாதத்தினுட் கொண்டுவருதல் வேண்டும். பிழையான கலைச்சொல் பரீட்சையிற் புள்ளியைக் குறைக்கும். இங்கோ அது தாயொருத்தியின் நான்கு மாத உறக்கத்தைப் பறிக்கும்.

ஆகவே வேண்டப்படுவன தெளிவானவை. அவற்றுள் எதற்கும் புதிய கருவி தேவையில்லை. எந்த அளவும் கர்ப்பத்தின் வாரத்தோடு சேர்த்தே எழுதப்படுதல் வேண்டும். சிறுநீர்ப்பையையும், சிறுநீர்க்கானையும், திசுவையும், பனிக்குட நீரையும் பற்றி எழுதாத அறிக்கை நிறைவற்றதெனத் திருப்பி அனுப்பப்படல் வேண்டும். சிறிய விரிவு காணப்பட்ட தாயிடம், இத்தகைய நூறு சிசுக்களுள் ஏறத்தாழ எண்பத்தெட்டு நலமானவை என்பதும், எஞ்சிய பன்னிரண்டின் பொருட்டே மறு ஸ்கான் என்பதும் ஒரே மூச்சிற் சொல்லப்படல் வேண்டும். பிறந்த குழந்தை முதலிரு நாட்களில் நீர்வற்றிய நிலையில் இருப்பதனால் விரிவு உண்மையிலும் சிறிதாகத் தோன்றும். எனவே குறைந்த இடருடைய குழந்தைக்கு முதல் ஸ்கான் 48 மணித்தியாலங்கள் கழிந்த பின்னரே செய்யப்படல் வேண்டும். வால்வு பற்றிய ஐயமோ, நீர்க்குறைவோ, இருபுறப் பெருவிரிவோ இருப்பின், அத்தாமதத்திற்கு இடமில்லை. அகலம் ஒன்றனையே காரணங்காட்டிக் குழாயிடும் சோதனையோ அறுவையோ செய்யப்படலாகாது. இவையனைத்திற்கும் மேலாக, அறிக்கையை எழுதுபவர் அடுத்து யார், எப்போது, எதனைப் பார்ப்பது என்பதையும் எழுதுதல் வேண்டும். வழியைச் சொல்லாது அச்சத்தை மாத்திரம் எழுதும் உரிமை எவர்க்கும் இல்லை.

கருவி கேள்வியை எழுப்பவல்லது. தீர்ப்புக் கூறவல்லது அன்று. தீர்ப்பைக் கூறவேண்டியது வளரும் சிசுவின் காலமும், அதனைப் பொறுமையோடு கண்காணிக்கும் அறிவுமே. வால்வால் மூச்சுமுட்டும் ஒரு சிசுவை உரிய வேளையிற் காப்பதும், விரிவோடு பிறந்தும் நலமாயிருக்கும் எண்பத்தெட்டுக் குழந்தைகளை வீணே நோயாளிகள் ஆக்காதிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணான இலக்குகள் அல்ல. இரண்டையும் ஒருங்கே செய்வதற்கான அறிவு இன்று உண்டு. அதனைக் கையிலெடுக்கத் தவறுவோர், திரையிற் தெரிந்ததைக் காட்டித் தம்மை நியாயப்படுத்த இயலாது.